ஒரு கிட்னி போனால் மாத்திரையும் பாதியா?

2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னி விற்பனை செய்தியில் வந்தபோது, உளுந்தூர்பேட்டை டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "ஒரு கிட்னிதான் இருக்குன்னா மாத்திரையையும் பாதியா ஒடச்சுத்தான் போடணுமா?" நல்ல கேள்வி. தேடிப் படித்தேன்.

பாதி ஆவதில்லை. ஆரோக்கியமானவர் ஒரு கிட்னியைக் கொடுத்தால், மிச்சமிருப்பது கூடுதல் ரத்தத்தை வாங்கிக் கொஞ்சம் பெருத்து வேலை செய்யும். சில மாதங்களில் பழைய வடிகட்டும் திறனில் சுமார் 65-70 சதவீதம் வந்துவிடும்.

இன்னொன்று, எல்லா மருந்துக்கும் வாசல் கிட்னி இல்லை. பாராசிட்டமாலைக் கல்லீரல்தான் பெரும்பாலும் மாற்றுகிறது. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் உருமாறாமல் அப்படியே சிறுநீரில் போகிறது. வெளியேற்றம் 70 சதவீதமாகக் குறைந்தால், அதே டோஸில் மெட்ஃபார்மினின் சராசரி அளவு ரத்தத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பாதி கிட்னி வழியாகவும் பாதி கல்லீரல் வழியாகவும் போகிற மருந்து என்றால் ஏற்றம் 18 சதவீதம்தான்.

சிக்கல் அளப்பதில் இருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த உடம்பில் அது குறைவாகவே உற்பத்தியாகும், அதனால் ரிப்போர்ட் 'நார்மல்' என்று ஏமாற்றும். 1976இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். கிரியேட்டினின் இருவருக்கும் 1.0. முப்பது வயது, 60 கிலோ ஆணுக்கு நிமிடத்துக்கு 92 மில்லி வருகிறது. அறுபது வயது, 45 கிலோ பெண்ணுக்கு 43 கூட வரவில்லை!

வலி மாத்திரை கதை வேறு. டைக்ளோஃபினாக்கைக் கல்லீரல்தான் கழிக்கிறது, ஆகவே கிட்னிக்குக் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் கிட்னிக்குள் நுழையும் ரத்தக்குழாயை விரித்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டினை அது தடுக்கிறது. தண்ணி குடிக்காமல் வெயிலில் வேலை செய்த நாளில் போட்டால் வடிகட்டல் சட்டென்று இறங்கலாம். 'மருந்தைக் கிட்னி கழிக்குதா', 'மருந்து கிட்னியைக் கெடுக்குதா' என்பவை இரண்டு தனிக் கேள்விகள். நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் ஜாமா இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். உடல்நிலை மோசமாகிவிட்டதாகச் சொன்னவர்கள் 86 சதவீதம். உறவினருக்குக் கொடுத்தவர் வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போவார், டாக்டரிடம் தைரியமாகச் சொல்லுவார். 1994 சட்டப்படி விற்பனை குற்றம் என்பதால் விற்றவர் வாயைத் திறக்க மாட்டார். உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்.

கிட்னி ஒன்றுதான் என்று தெரிந்தவர்கள் மாத்திரையைத் தாங்களாகவே ஒடைக்க வேண்டாம், அது வேறு ஆபத்து. சீட்டு எழுதும் டாக்டரிடமும் மருந்துக்கடையிலும் முதலில் அதைச் சொல்லுங்கள். கிரியேட்டினினோடு இஜிஎஃப்ஆர் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகுதா என்றும் கேட்டுவிடுங்கள்.