பாயில் யார் பெயர்?

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் பத்தமடை. கல்யாணத்துக்கென்று சொல்லி அங்கே நெய்யச் சொன்னால், மணமக்கள் பெயரும் கல்யாணத் தேதியும் பாயிலேயே எழுத்தாக விழுந்து வரும். அந்தப் பாய் ஒருவர் கையால் ஆகிவிடுவதில்லை. தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விளைந்த கோரையை அறுக்க ஒரு கை வேண்டும். காயவைத்துக் கீற, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுக்க, ஊறியதை மறுபடியும் மயிரிழைபோலக் கிழிக்க, சாயம் ஏற்ற என்று ஒவ்வொன்றுக்கும் கை வேண்டும். பிறகுதான் பாவு கட்டிய தறியில் கோரையை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்து நெய்கிறார்கள். நுண்ணிய பட்டுப்பாய் என்றால் மாதக்கணக்கில் ஆகும். முடிந்தபின் துணிபோல மடியும். ஊரின் பெயர் உலகறிந்தது, புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. வாங்குகிறவர் பெயர் பாயில் இருக்கிறது. நெய்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

பெரும் பொருட்செலவில் எடுக்கும் சாகசப் படங்களையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம். ‘கேப்டன் மில்லர்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். 2024 பொங்கலையொட்டி, ஜனவரி 12 அன்று வெளிவந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. படப்பிடிப்பில் கணிசமான பகுதி, முன்பு நெல்லை மாவட்டமாக இருந்து 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் நடந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் அது தனுஷ் படம். சிவராஜ்குமார், சந்தீப் கிஷன், பிரியங்கா மோகன் பெயர்களைச் சொல்கிறவர்கள் உண்டு. இயக்குநர் அருண் மாதேஸ்வரன் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் திரையில் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கிராமத்தை நாம் நம்பினோம் என்றால் அதற்குக் காரணம் கலை இயக்குநர் த. ராமலிங்கம். அந்தப் புழுதியையும் வெளிச்சத்தையும் பிடித்தவர் ஒளிப்பதிவாளர் சித்தார்த்தா நுனி. உடைகளைப் பூர்ணிமா ராமசாமியும் காவ்யா ஸ்ரீராமும் செய்தார்கள். துப்பாக்கிச் சண்டைகளை வகுத்தவர் திலீப் சுப்பராயன், இசை ஜி. வி. பிரகாஷ் குமார், படத்தொகுப்பு நாகூரான் ராமச்சந்திரன். குடும்பப் படத்தில் நாலு சுவரும் நல்ல வசனமும் போதும், நடிகர் தாங்கிவிடுவார். சாகசப் படத்தில் அப்படி முடியாது. இல்லாத ஒரு உலகத்தைக் கையால் கட்டி நிறுத்தினால்தான் நடிகர் அதில் கால் வைக்க முடியும். ஆகவே மற்றப் படங்களைவிட இந்த வகைப் படம்தான் கைகளுக்கு அதிகம் கடன்பட்டது; அந்தக் கடனை நாம் அடைப்பதில்லை.

‘நட்சத்திரம் இல்லாவிட்டால் பணம் போட யார் வருவார்? பார்க்கத்தான் யார் வருவார்?’ என்று கேட்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை 1948 ஏப்ரலில் வெளிவந்த ‘சந்திரலேகா’ சொல்கிறது. ஜெமினி எஸ். எஸ். வாசன் ஐந்து வருஷம் போல உழைத்து, அந்தக் காலத்தில் யாரும் போடத் துணியாத பணத்தைப் போட்டு எடுத்த படம். டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் என்று நடித்தவர்கள் பெரியவர்கள்தான். ஆனாலும் இன்றுவரை அந்தப் படத்தின் பெயரைச் சொன்னதும் கண்முன் வருவது ஒரு முகம் அல்ல, முரசு நடனம். ஆளுயரத்துக்கும் மேலான முரசுகள் வரிசையாக நிற்க, அவற்றின்மேல் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்த கணத்தில் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் கிழித்துக்கொண்டு வெளியே பாய்கிறார்கள். அந்த அரங்கை அமைத்தவர் ஏ. கே. சேகர், இசை எஸ். ராஜேஸ்வர ராவ். மேலே ஆடிய ஒவ்வொரு பெண்ணும் பல நாள் ஒத்திகையில் அடி பிசகாமல் பழகியிருக்க வேண்டும். ஒருத்தி தடுமாறினாலும் வரிசை முழுவதும் கெடும். நட்சத்திரம் கூட்டத்தைக் கொட்டகைக்குள் அழைத்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம். எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அந்தப் படத்தை நினைவில் நிறுத்தியது அந்தக் கூட்டுழைப்பு.

நம் சீமைக்கு இன்னும் நெருங்கிய சாட்சி ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கியது. வரி கேட்கும் ஜாக்சன் துரைக்குக் கட்டபொம்மன் சொல்லும் பதிலை மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி மேடையில் மீசையை முறுக்கிக்கொண்டு ஒப்பித்திருக்கிறார்கள். அது சிவாஜி வசனம் என்றுதான் நெல்லைப் பக்கம் சொல்வது. எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. எதிரே ஜாக்சனாக நின்று, அந்தக் கோபம் எழுவதற்குக் காரணமாக இருந்து, வாங்கியும் கட்டிக்கொண்டவர் சி. ஆர். பார்த்திபன். சிவாஜி கணேசனின் குரலும் கண்ணும் இல்லாமல் அந்தக் காட்சி எழுந்திருக்காது. அதில் ஐயமே இல்லை. ஆனால் 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது சிவாஜிக்குக் கிடைத்தபோது, இசைக்கான விருது ஜி. ராமநாதனுக்கும் கிடைத்தது. முதல் விருதைத் தெரியாத தமிழர் இல்லை. இரண்டாவதை எத்தனை பேர் அறிவோம்?

அறிந்து பார்க்கிறவர்கள் எப்போதும் அப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மணி ரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்கு 2024 ஆகஸ்டில் அறிவித்த தேசிய விருதுகள் நான்கு. சிறந்த தமிழ்ப் படம் என்பது ஒன்று. மற்ற மூன்றும் ரவி வர்மனின் ஒளிப்பதிவுக்கும், ஆனந்த் கிருஷ்ணமூர்த்தியின் ஒலி வடிவமைப்புக்கும், ஏ. ஆர். ரகுமானின் பின்னணி இசைக்கும் போயின. விக்ரம், கார்த்தி, ஜெயம் ரவி, ஐஸ்வர்யா ராய், த்ரிஷா என்று இத்தனை பேர் நடித்த படத்தில் நடிப்புக்கு விருது ஒன்றும் இல்லை. அவர்கள் குறைவாக நடித்தார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. சோழர் காலத்துப் போர்க்களத்தையும் கடலையும் நம்ப வைக்கிற வேலை, கேமராவிலும் ஒலியிலும் இசையிலும் கூடுதலாக நடந்திருக்கிறது.

‘சரி, ஒரு படத்தில் நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள், அத்தனை பெயரையும் யார் படிப்பது, எதற்காகப் படிப்பது?’ என்பது அடுத்த கேள்வி. இதற்குப் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் நாயகனான ராஜராஜனே பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவன் தான் கொடுத்ததையும் தன் அக்கன் குந்தவை கொடுத்ததையும் மட்டும் வெட்டச் செய்யவில்லை. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் அங்கே இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு இருக்கிறது. கல்லில் உளி கொண்டு நானூறு பெயர் வெட்டுவது லேசான வேலையா? திரையில் பெயர் ஓட அதில் நூறில் ஒரு பங்கு பாடுகூட இல்லை. எல்லாப் பெயரையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தேடுகிறவருக்குக் கிடைக்க வேண்டும்; உழைத்தவரின் பிள்ளை விரல் வைத்துக் காட்டுகிற இடம் ஒன்று இருக்க வேண்டும்.

‘கூலி வாங்கிக்கொண்டுதானே செய்கிறார்கள்’ என்ற பேச்சுதான் எல்லாவற்றிலும் கொடுமையானது. கூலிக்கும் அப்பால் அவர்கள் கொடுப்பது உயிர். 2020 பிப்ரவரியில் சென்னை அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பாயும் காட்சி ஒன்றை எடுக்கும்போது சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார். திரையில் நாயகன் மாடியிலிருந்து குதிக்கும்போது நாம் கைதட்டுகிறோம். பல நேரம் குதித்தவர் வேறொருவர். உலகமே இதை மெதுவாகத்தான் ஒப்புக்கொள்கிறது. இந்தியாவின் தேசிய விருதுகளில் சண்டைப் பயிற்சிக்கு இடம் வந்தது 2016ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் முதலில் வாங்கினார். ஆஸ்கரோ நம்மைவிடப் பின்தங்கி, 2028இல்தான் அந்த விருதைக் கொடுக்கப் போகிறது.

பெயரைத் தெரிந்துகொள்வது பாராட்டுக்கு மட்டும் அல்ல, பொறுப்புக்கும்தான். 2023 ஏப்ரலில் ‘கேப்டன் மில்லர்’ படத்தின் மத்தளம்பாறைப் படப்பிடிப்பை உரிய அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் நிறுத்தி வைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் அது. யானை நடமாடும் காடு பக்கத்தில் இருக்கிறது. வெடிச்சத்தமும் கூட்டமும் அங்கே வேண்டாம் என்ற கவலை நியாயமானது. அந்தச் செய்தியும் தனுஷ் பெயரைச் சுமந்துகொண்டுதான் ஊரெல்லாம் சுற்றியது. அனுமதி வாங்குவது நடிகர் வேலை இல்லை, தயாரிப்பு நிர்வாகத்தின் வேலை. புகழையும் பழியையும் ஒரே தலையில் ஏற்றிவைத்துப் பழகிவிட்டதால், யாரைக் கேட்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

‘கேப்டன் மில்லர்’ ஓடிடியிலும் வந்துவிட்டது. இனி வீட்டில் பார்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் அடுத்த படத்துக்குத் தாவச் சொல்லித் திரை ஓரத்தில் ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும். அதைத் தொடாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பெயர்கள் ஓடி முடியட்டும்.