தெய்வங்களுக்கு முகவரி உண்டு: நீலகிரியில் அன்றும் இன்றும்

நீலகிரியின் பழங்குடியினரான தோடர்கள் தெய்வத்துக்குச் சிலை வடிப்பதில்லை. குந்தா மலைச் சிகரங்களிலும் பைக்காரா ஆற்றிலும் அவர்களுடைய தெய்வங்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, உறவுமுறை உண்டு, கதை உண்டு.

1902இல் இங்கு வந்து தங்கிய ஆங்கிலேய மானுடவியலாளர் ரிவர்ஸ் அந்தக் கதைகளைக் கேட்டு எழுதி, 1906இல் நூலாக்கினார். ஓன் என்ற தெய்வம் மனைவியோடு குந்தா உச்சிக்குப் போனது. அங்கே நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை வைத்து, அதன் ஒரு முனையில் நின்று மண்ணுக்குள்ளிருந்து 1600 எருமைகளை வரவழைத்தது. மறுமுனையில் நின்ற மனைவி 1800 எருமைகளை வரவழைத்தாள். ஓனின் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவன்தான் முதல் தோடன். பிறகு ஓன் மறுவுலகை ஆளப் போய்விட, அதன் தங்கை தெய்கிர்ஷி தோடர்களைக் காக்கும் பெருந்தெய்வமானாள்.

இறந்தவர் போகும் வழியும் இதே மலையில் மேற்கு நோக்கித்தான் போகிறது. நடுவே ஓர் ஆறு, அதன் மேல் நூலால் ஆன பாலம். பொறாமையும் தன்னலமும் கொண்டவர் ஆற்றில் விழுவார், அட்டைகள் கடிக்கும். ஆனால் நிரந்தர நரகம் என்று எதுவும் இல்லை. தண்டனை முடிந்ததும் அவரும் ஓனின் நாட்டைச் சேர்வார். அங்கே நடந்து நடந்து முழங்கால் வரை கால் தேய்ந்த பிறகு இந்த உலகிலேயே மறுபடி பிறப்பார். ரிவர்ஸ் வந்த காலத்தில் பைக்காராவைக் கடக்கும் தோடர், போர்வையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்து ஆற்றை வணங்கிச் செல்வார்.

அந்த ஆற்றில் 1932இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1938இல் முக்கூர்த்தி அணை எழுந்தது. அடுத்து வந்த குந்தா மின்திட்டம் பல பள்ளத்தாக்குகளை நீர்த்தேக்கங்களாக்கியது. எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. கோயில் கூரைக்கான புல் வளர்ந்த சதுப்புகள் பலவும் உருளைக்கிழங்குத் தோட்டங்களாயின. மறுவுலகின் வாசலாகத் தோடர் கருதும் முக்கூர்த்திச் சிகரம் 1990 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. எருமை மந்தைகள் சுருங்கிவிட்டன. ஆனாலும் கோயில்களுக்கு இன்றும் கூடிப் புதுக்கூரை வேய்கிறார்கள்.

எல்லாக் காவல் தெய்வங்களும் இப்படி ஓரிடத்தோடு கட்டுண்டவை அல்ல. பிரேசில் காடுகளில் குருப்பிரா என்ற காவல் ஆவி உண்டு. பின்னோக்கித் திரும்பிய பாதங்களால் வேட்டைக்காரர்களை வழிதவறச் செய்வது அது. 1560இலேயே இயேசு சபைத் துறவி அஞ்சியேட்டா அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2025இல் பெலெம் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு அதுவே சின்னமானது. குருப்பிராவால் காடுவிட்டுக் காடு போக முடியும், மாநாட்டு மேடைக்கும் வர முடியும். தோடர் தெய்வங்களால் அப்படிப் போக முடியாது. சிகரமும் ஓடையும் சதுப்பும்தான் அவற்றின் உடல். இடம் உருமாறினால், அங்கே நின்று சொல்ல வேண்டிய கதை நிற்க இடமில்லாமல் போகும்.

இன்று நீலகிரியில் அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. நல்ல வேலை அது. எந்தச் சரிவில் தொடங்குவது, எந்த ஓடையைத் தொடாமல் விடுவது என்பதைத் தோட முதியவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். இந்த மலையின் மிகப் பழைய நிலப்படம் அவர்களுடைய கதைகளில்தான் இருக்கிறது.