துப்பாக்கியை வைத்துவிட்டு அரிவாள் எடுத்தவர்கள்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவதுதான் வழக்கம். 1969-ல் மத்திய சர்க்கார் மாஜி ராணுவத்தினர் சிலரை எதிர்த்திசையில் அனுப்பியது. மனைவி மக்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் சகிதம் கப்பலேறி அவர்கள் போய் இறங்கிய இடம், நிகோபார் தீவுகளின் தென்கோடியில் உள்ள பெரிய நிகோபார். அங்கிருந்து சுமத்ரா அதிக தூரமில்லை. எல்லையோரத் தீவில் நம்மவர் குடியிருக்க வேண்டும் என்பதே சர்க்காரின் எண்ணம்.

1980-க்குள் 330 குடும்பங்கள் வரை குடியேறின. பஞ்சாபியர், மராட்டியர், மலையாளிகளுடன் நம் தமிழரும் உண்டு. குடும்பத்துக்குப் பத்து ஏக்கருக்கு மேல் நிலம். நிலம் என்றால் காடு! அதை வெட்டித் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். ஊரில் ஒரு சாவு என்று தந்தி வந்தாலும் கப்பல் கிடைக்க வேண்டுமே! போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வரவே 500 கிலோமீட்டருக்கு மேல். அப்புறம் சென்னைக்கு மூன்று நாள் கடல். காரியம் முடிந்த பிறகுதான் பலருக்கு ஊர் முகம் தெரிந்திருக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமி காந்தி நகர், சாஸ்திரி நகர் முதலிய கரையோரக் குடியிருப்புகளை வாரிக்கொண்டு போயிற்று. தீவின் தென்முனையில் தரையே நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. தப்பியவர்கள் தகரக் கொட்டகைகளில் இருந்து, பிறகு காம்பெல் பே பக்கம் கட்டிய வீடுகளுக்கு மாறினார்கள்.

2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற துறைமுக, விமான நிலையத் திட்டத்தில் இவர்களுடைய நிலமும் அடிபடுகிறது. சர்க்கார் கூப்பிட்டுக் கொடுத்த நிலத்துக்குச் சர்க்காரே என்ன விலை வைக்கும் என்பதுதான் அந்தச் சிப்பாய்களின் பிள்ளைகள் இன்று கேட்கும் கேள்வி.