பிபிஐ பணம் வந்துருச்சு, அதுல பிடிச்ச வரி எங்க போச்சு?

போன எபிசோட்ல சம்பள பில்லை வரி வரியா பிரிச்சுப் பார்த்தோம். அதைக் கேட்டுட்டு லண்டன், லெஸ்டர் பக்கம் இருந்து சிலர் ஒரே மாதிரி கேள்வி அனுப்பியிருந்தீங்க. "வீட்டுல பழைய பிபிஐ கடிதம் ஒண்ணு இருக்கு, அதுல டாக்ஸ்னு ஒரு தொகை கழிச்சிருக்காங்க, அதைத் திரும்ப வாங்க முடியுமா?" அதுக்கான பதில்தான் இன்னைக்கு எபிசோட். முழுக்க முழுக்க பிரிட்டன் விஷயம்.

முதல்ல பிபிஐனா என்ன? பேமென்ட் புரொடெக்‌ஷன் இன்சூரன்ஸ். லோன், கிரெடிட் கார்டு, வீட்டுக்கடன் வாங்கும்போது கூடவே வித்த காப்பீடு. உடம்புக்கு முடியாமப் போனாலோ, விபத்து நடந்தாலோ, வேலை போனாலோ கொஞ்ச மாசத்துக்குத் தவணையை இன்சூரன்ஸ் கட்டும். ஐடியா என்னவோ நல்ல ஐடியாதான். வித்த விதம்தான் பிரச்சனை.

சொந்தத் தொழில் பண்றவங்க, ரிட்டையர் ஆனவங்க, ஏற்கெனவே நோய் இருந்தவங்க, இவங்கள்ல பலருக்கு அந்தப் பாலிசி க்ளெய்ம் நேரத்துல உதவவே உதவாது. விதிமுறையிலயே அவங்களை விலக்கி வச்சிருந்தாங்க. ஆனா அவங்ககிட்டயும் வித்தாங்க. "இது எடுத்தாத்தான் லோன் கிடைக்கும்"னு சொல்லி வித்தாங்க. சில பேருக்கு அப்படி ஒரு பாலிசி இருக்கறதே தெரியாது. ஃபார்ம்ல டிக் ஏற்கெனவே போட்டிருக்கும்.

நண்பனோட அப்பா ஒருத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், ஈஸ்ட் ஹாம்ல சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சிருந்தார். 2007ல கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்க ஒரு வங்கியில 5,000 பவுண்டு லோன் எடுத்தார். அதோட 800 பவுண்டு பிரீமியத்தையும் மொத்தமா லோன்லயே சேர்த்துட்டாங்க. சிங்கிள் பிரீமியம்னு இதுக்குப் பேர். அதாவது இன்சூரன்ஸுக்கும் சேர்த்து வட்டி. நான் கேட்டப்ப அங்கிள் சொன்னது: "அது கட்டாயம் எண்டுதான் தம்பி சொன்னவங்கள். நான் கையெழுத்துப் போட்டன்." கடை அவரோடது. அவரை வேலையை விட்டு யார் தூக்கப் போறாங்க? வேலை போனா காப்பாத்தும்னு அவருக்கே ஒரு பாலிசி.

இப்படி மொத்தம் 6 கோடியே 40 லட்சம் பாலிசி வரைக்கும் வித்திருக்கலாம்னு பிரிட்டனோட நிதிக் கண்காணிப்பு அமைப்பு எஃப்சிஏ சொல்லுது. பெரும்பாலும் 1990லிருந்து 2010க்குள்ள.

இது எப்படி வெளிய வந்துச்சு? 2005ல சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு அதிகாரபூர்வமா ஒரு பெரிய புகார் கொடுத்தது. அப்புறம் கண்காணிப்பு அமைப்பு கறாரான விதி கொண்டுவர, வங்கிகள் சங்கம் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போச்சு. 2011 ஏப்ரல்ல உயர் நீதிமன்றத்துல தோத்துச்சு. அதுக்கப்புறம்தான் பணம் வெள்ளமா திரும்பி வர ஆரம்பிச்சது.

2014ல இன்னொரு திருப்பம். பிளெவின் வழக்குன்னு சொல்லுவாங்க. அதுல கட்டின பிரீமியத்துல 71.8% கமிஷனாவே போயிருந்தது. நூறு பவுண்டு கட்டினா கிட்டத்தட்ட 72 பவுண்டு நடுவுல இருக்கறவங்களுக்கு. இவ்வளவு பெரிய கமிஷனை வாடிக்கையாளர்கிட்ட சொல்லாம மறைச்சதே கடன் உறவை நியாயமில்லாததா ஆக்கிடுதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு.

கடைசியில எஃப்சிஏ ஒரு கெடு வச்சது: 2019 ஆகஸ்ட் 29. அந்த விளம்பரத்துல அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரோட ரோபோ தலை ஒண்ணு எல்லாரையும் பார்த்துக் கத்தும், ஞாபகம் இருக்கா? 2011லிருந்து 2019 முடிய வங்கிகள் திருப்பிக் கொடுத்தது 3,800 கோடி பவுண்டுக்கும் மேல. அங்கிளும் கெடுவுக்கு ஒரு மாசம் முன்னாடி புகார் அனுப்பிட்டார். 2020 பிப்ரவரியில பணம் வந்துச்சு.

ஒரு செக், மூணு பணம்

இனிமேதான் இன்னைக்கு விஷயமே. வங்கி அனுப்பற அந்தத் தொகை பார்க்க ஒரே தொகையா இருக்கும். உள்ள மூணு தனித்தனி பணம் இருக்கு.

ஒண்ணு, நீங்க கட்டின பிரீமியம். அங்கிளுக்கு 800 பவுண்டு.

ரெண்டு, அந்தப் பிரீமியத்துக்காக உங்ககிட்ட லோன்ல வசூலிச்ச வட்டி. அவருக்கு 325 பவுண்டு. இந்த ரெண்டும் உங்க பணமே உங்ககிட்ட திரும்பி வருது. வருமானம் கிடையாது, அதனால வரியும் கிடையாது.

மூணு, இத்தனை வருஷமா உங்க பணம் உங்ககிட்ட இல்லாம இருந்ததுக்கு ஈடா கொடுக்கற வட்டி. பிபிஐல இது வருஷத்துக்கு 8%, சாதா வட்டி. 1,125 பவுண்டுக்கு 8%னா வருஷத்துக்கு 90. ஏறக்குறைய 10 வருஷக் கணக்குக்கு 900 பவுண்டு.

இந்த மூணாவது பணத்தை மட்டும் வரித்துறை, அதாவது ஹெச்எம்ஆர்சி, வருமானமா பார்க்குது. சேமிப்புக் கணக்குல வர்ற வட்டி மாதிரிதான். அதனால வங்கி அதுல 20% பிடிச்சு ஹெச்எம்ஆர்சிக்கு அனுப்பிட்டு மீதியைத்தான் உங்களுக்குக் கொடுக்கும். அங்கிளுக்குப் பிடிச்சது 180 பவுண்டு.

இங்கதான் ஒரு சிக்கல். 2016 ஏப்ரல்லேர்ந்து பிரிட்டன்ல சேமிப்பு வட்டிக்குத் தனியா ஒரு விலக்கு இருக்கு. அடிப்படை விகிதத்துல வரி கட்டறவங்களுக்கு வருஷத்துக்கு 1,000 பவுண்டு, 40% விகிதத்துல இருக்கறவங்களுக்கு 500, அதுக்கும் மேல 45%ல இருக்கறவங்களுக்கு எதுவுமில்ல. இந்த விலக்கு வந்ததும் சாதாரண சேமிப்புக் கணக்குல வங்கிகள் வரி பிடிக்கறதையே நிறுத்திட்டாங்க. ஆனா பிபிஐ வட்டியில மட்டும் பிடிக்கறது தொடர்ந்துச்சு. நீங்க வரி கட்ட வேண்டிய ஆளா இல்லையான்னு சிஸ்டம் பார்க்காது. டீஃபால்ட்டா 20% வெட்டும். திருத்தற வேலை உங்களோடது.

யாருக்கு எவ்வளவு திரும்ப வரும்?

வேற சேமிப்பு வட்டி எதுவும் இல்லைன்னு வச்சுக்கிட்டு கணக்கு போடுவோம்.

8% வட்டி 900 பவுண்டு, பிடிச்ச வரி 180. அடிப்படை விகிதத்துல இருந்தா 900ம் விலக்குக்குள்ளயே அடங்கிடும். 180ம் திரும்ப வரும். வரியே கட்டத் தேவையில்லாத வருமானம்னாலும் அப்படித்தான்.

இதே 900, 40% விகிதத்துல இருக்கறவருக்கு வந்தா? 500 விலக்கு போக மீதி 400. அதுக்கு 40%, 160 பவுண்டு. பிடிச்சது 180. ஆக 20 பவுண்டு மட்டும் வரும்.

வட்டி பெருசா இருந்தா இன்னும் கவனிக்கணும். 2,160 பவுண்டு வட்டின்னு வைங்க. பிடிச்சது 432. அடிப்படை விகிதக்காரருக்கு 1,160க்குத்தான் வரி, 232 பவுண்டு. அவருக்கு 200 திரும்ப வரும். 40% விகிதக்காரருக்கு 1,660க்கு வரி, 664 பவுண்டு. அவர் இன்னும் 232 பவுண்டு கட்டணும்! பத்து வருஷ வட்டியா இருந்தாலும், பணம் கைக்கு வந்த வருஷத்தோட வருமானமாத்தான் மொத்தமா கணக்கு வைப்பாங்க. அதனால ஃபார்மைத் திறக்கறதுக்கு முன்னாடி கால்குலேட்டரைத் திறங்க.

குறைஞ்ச வருமானம் இருக்கற பெரியவங்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. பென்ஷன், சம்பளம் மாதிரி மற்ற வருமானம் இப்போதைய கணக்குப்படி 17,570 பவுண்டுக்குக் கீழ இருந்தா, வட்டிக்கு 5,000 பவுண்டு வரைக்கும் பூஜ்ய விகிதம் கிடைக்கலாம். அப்பா அம்மா ரிட்டையர் ஆனவங்கன்னா இதையும் சேர்த்துப் பாருங்க.

எப்படிக் கேக்கறது?

செல்ஃப் அசெஸ்மென்ட் தாக்கல் பண்ணாதவங்களுக்கு ஆர்40ன்னு ஒரு ஃபார்ம். ஹெச்எம்ஆர்சி தளத்துல ஆன்லைனாவே போடலாம், தபால்லயும் அனுப்பலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. வங்கி அனுப்பின கடிதத்துல மூணு எண் தேடுங்க: வரிக்கு முந்தைய வட்டி, பிடிச்ச வரி, வரி போக மீதி. பிரீமியத்தையும் பழைய லோன் வட்டியையும் ஃபார்ம்ல போடவே கூடாது. கடிதத்தோட நகலை ஆதாரமா சேர்த்து அனுப்புங்க. கடிதம் தொலைஞ்சு போச்சுன்னா வங்கிகிட்ட எழுதிக் கேட்டு வாங்கலாம்.

செல்ஃப் அசெஸ்மென்ட் போடறவங்க அந்த வருஷத்து ரிட்டர்ன்லயே காட்டணும். அப்போ விட்டுப்போயிருந்து, திருத்தற காலமும் முடிஞ்சிருந்தா, ஓவர்பேமென்ட் ரிலீஃப்னு கேட்டு ஹெச்எம்ஆர்சிக்கு எழுதலாம்.

ரெண்டுக்குமே கெடு ஒண்ணுதான்: பணம் வந்த வரி வருஷம் முடிஞ்சதிலிருந்து 4 வருஷம். பிரிட்டன்ல வரி வருஷம் ஏப்ரல் 5ல முடியும். 2022-23ல பணம் வந்திருந்தா 2027 ஏப்ரல் 5 வரைக்கும் கேக்கலாம். 2019-20ல வந்த பணத்துக்கான கதவு 2024 ஏப்ரல் 5ஓட மூடிருச்சு. அந்தக் கடைசி அலையிலதான் நிறைய பேருக்குப் பணம் வந்துச்சு. அவங்கள்ல கேக்காம விட்டவங்களோட பணம் இப்போ அரசாங்கத்துக்கிட்டயே தங்கிருச்சு.

அங்கிளோட கடிதம் 2023 டிசம்பர்ல ஒரு பிஸ்கட் டின்ல இருந்து கிடைச்சது. அப்போ அவர் கடையை மூடி ரிட்டையர் ஆகி வருஷக்கணக்காச்சு. ஜனவரியில ஆர்40 அனுப்பினோம். 180 பவுண்டு அவர் கணக்குக்கு வந்துச்சு. 2024 ஏப்ரல் 5 தாண்டியும் அந்த டின் மூடியே இருந்திருந்தா, சட்டப்படி ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

ஏஜென்ட் வேணுமா?

"நாங்க வாங்கித் தர்றோம்"னு ஃபேஸ்புக்ல விளம்பரம் வரும். ஃபார்ம்ல போடப் போறது ஒரு கடிதத்துல இருக்கற மூணு எண். அதுக்காக வர்ற பணத்துல பெரிய பங்கைக் கொடுக்கணுமான்னு நீங்களே யோசிங்க. முன்னாடி சில நிறுவனங்கள் சின்ன எழுத்துல அசைன்மென்ட்னு ஒண்ணு வச்சு, திரும்பி வர்ற வரி மேல இருக்கற உரிமையையே எழுதி வாங்கிட்டாங்க. அந்த விளையாட்டுக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வச்சது: 2023 மார்ச் 15லிருந்து வருமான வரி ரீஃபண்டை அப்படி எழுதிக் கொடுத்தா அது செல்லாது. ஆனாலும் கமிஷன் ஒப்பந்தம் போடறது இன்னும் நடக்குது. வாசிக்காம டிக் போடாதீங்க. பிபிஐ கதை ஆரம்பிச்சதே அப்படித்தானே!

2019 கெடுவையே விட்டவங்க?

வங்கியில புகார் கொடுக்கற வழி பொதுவா முடிஞ்சது. கோர்ட் வழி மட்டும் இருக்கு. கமிஷனை வேணும்னே மறைச்சிருந்தா, வங்கி "காலம் கடந்துருச்சு"ன்னு தப்பிக்க முடியாதுன்னு 2023 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு பிபிஐ வழக்குல சொல்லிச்சு. அதுல கமிஷன் 95%க்கும் மேல. ஆனா மறைச்சது தெரிஞ்ச நாள்லேர்ந்து, இல்ல ஓரளவு விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கக்கூடிய நாள்லேர்ந்து, கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். தோத்தா செலவு யார் தலையில விழும்னு வக்கீல்கிட்ட எழுத்துல கேட்காம இறங்காதீங்க.

இந்தச் சட்டம் பிபிஐயோட முடியலை. 2025 ஆகஸ்ட்ல கார் லோன் கமிஷன் வழக்குலயும் ஒருத்தருக்குச் சாதகமா வந்த தீர்ப்பு, இதே நியாயமில்லாத கடன் உறவுங்கற பிரிவை வச்சுத்தான். எந்த இழப்பீடு வந்தாலும் அதே மாதிரி பிரிச்சுப் பாருங்க: இதுல எது என் பணம், எது வட்டி, வட்டியில எவ்வளவு வெட்டியிருக்காங்க?

இந்த வாரம் வீட்டுக்குப் போனா, அப்பாகிட்ட பழைய வங்கிக் கடிதம் எல்லாம் எங்க வச்சிருக்கார்னு கேளுங்க. பணம் வந்த தேதியை முதல்ல பாருங்க. கேள்வி இருந்தா அனுப்புங்க, ஆனா அக்கவுண்ட் நம்பர் மட்டும் அனுப்பாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.