பாதி மண்டைக்குள் ஒரு கொல்கத்தா!

ஒற்றைத் தலைவலிக்கு வங்காளிகள் வைத்திருக்கும் பெயர் தெரியுமா? 'ஆத்கபாலி'. ஆத் என்றால் பாதி, கபால் என்றால் நெற்றி! சரக சம்ஹிதையில் அது 'அர்த்தாவபேதகம்'. கிரேக்கர்களுக்கு 'ஹெமிக்ரானியா', அதாவது பாதி மண்டை. அந்தச் சொல் தேய்ந்துதான் மைக்ரேன் ஆனது! யாரைக் கேட்டாலும் மண்டைக்கு நடுவே கோடு போட்டுத்தான் பேசியிருக்கிறார்கள்.

ஆனால் தலைவலியைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தையே இல்லை என்று 1926-இல் ஒரு கட்டுரையில் அலுத்துக்கொண்டார் ஒரு எழுத்தாளர். வாழ்நாளெல்லாம் தலைவலியோடு மல்லுக்கட்டிய வர்ஜீனியா உல்ஃப்தான் அவர். காதலுக்கு ஷேக்ஸ்பியர் இருக்கிறார், தலைவலிக்கு யார் இருக்கிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். அவருடைய அம்மா ஜூலியா பிறந்த ஊர் எது தெரியுமா? கல்கத்தா! 1846-இல். பாட்டியின் அக்கா, புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன், அவரும் கல்கத்தாவில் பிறந்தவர்! இன்னும் கேளுங்கள்: உல்ஃபின் பாட்டிக்குப் பாட்டி தெரேஸ் பிறந்தது நம்ம புதுச்சேரியில்! (அங்கேயே இருந்திருந்தால் 'மண்டை விண்விண்ணுன்னு தெறிக்குது' என்று பேத்தி ஒரே வரியில் முடித்திருப்பார். வார்த்தைப் பஞ்சமாவது ஒன்றாவது!)

கொல்கத்தாவில் பிறந்து சிகாகோவைக் கலக்கிய விவேகானந்தருக்கும் மைக்ரேன் இருந்தது தெரியுமா? 'சௌரங்கீ' நாவலாசிரியர் சங்கர், சுவாமியின் வாழ்க்கையைத் துருவி எழுதிய நூலில் 31 நோய்களைப் பட்டியல் போடுகிறார். தூக்கமின்மை, மலேரியா, நீரிழிவு... நடுவில் மைக்ரேனும் உண்டு! சுவாமி வாழ்ந்ததே 39 வயது வரைதான்.

'ஆலிஸ் நோய்' கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மைக்ரேன்காரர்கள் சிலருக்குக் கை பூதாகரமாகும், உடம்பு எறும்பாகச் சுருங்கும். நிஜத்தில் அல்ல, உணர்வில்! 1955-இல் ஜான் டாட் என்ற மருத்துவர் இதற்கு 'அற்புத உலகில் ஆலிஸ்' என்றே பெயர் வைத்தார். அந்தக் கதையை எழுதிய லூயிஸ் கரோலுக்கும் மைக்ரேன் உண்டு. கண்ணுக்குள் கோட்டை மதில்போல வளைந்து நெளிந்து நகரும் கோடுகளைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்! ஸ்கேனில் தெரியாத வலிக்கு இப்படிக் கதையும் நாட்குறிப்பும்தான் சாட்சி.

ஆலிஸுக்குக் கொல்கத்தாவில் ஒரு தம்பி இருக்கிறான். சுகுமார் ராயின் 'ஹ ஜ ப ர ல' கதையில் வரும் சிறுவன். வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் போனால் அது பூனையாகி 'மியாவ்' என்கிறது! சுகுமாரின் மகன் சத்யஜித் ராய் மட்டும் சும்மா இருந்தாரா? அவருடைய விஞ்ஞானி ஷோங்குவிடம் சகல நோயும் தீர்க்கும் 'மிராக்யூரால்' மாத்திரை இருக்கிறது. அதற்கு மசியாதது ஜலதோஷம் மட்டும்தான்! உலகத்தில் ஏழில் ஒருவருக்கு மைக்ரேன்; அவர்கள் தேடிக்கொண்டிருப்பது அந்த மாத்திரையைத்தான்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு பக்கம் தெறிக்க ஆரம்பித்துவிட்டதா? பத்திரிகையை மூடுங்கள், விளக்கை அணையுங்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.