அறுமீன் நோக்கும் மாற்றம் கொள்ளும் முறையும்

நிறுவனங்களிலும் உறவுகளிலும் நேரும் மாற்றங்களுக்கு, ஆண்டிய மலைவாணரின் விண்மீன் அறிவு வழிகாட்டும் என்பர் சிலர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஒரு சான்று கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பெரு, பொலிவியா நாடுகளின் மலைநாட்டு உழவர், சூன் 24ஆம் நாளாகிய புனித யோவான் திருநாளை ஒட்டிய குளிர்கால இரவுகளில் முகடேறி, விடியலுக்கு முன் வடகீழ்த் திசையில் தோன்றும் விண்மீன் கூட்டமொன்றை நோக்குவர். நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் வழங்கும் அக்கூட்டத்திற்குக் கெச்சுவா மொழியில் 'கொல்கா' என்று பெயர்; களஞ்சியம் என்பது பொருள். அது தெளிவுறத் தோன்றின் நன்மழை உண்டென்பர். மங்கித் தோன்றின் மழை குறையும் எனக் கொண்டு, அக்டோபரில் நடும் உருளைக்கிழங்கைச் சில கிழமைகள் தாழ்த்து நடுவர்.

இந்நோக்குப் பழமையுடையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெச்சுவா மொழியில் எழுதப்பெற்ற உவாரோச்சிரிச் சுவடியிலேயே இம்மீன்களின் தோற்றத்தால் வளமும் வறுமையும் அறியும் வழக்கம் பேசப்படுகின்றது. இதன் காரணத்தை ஆர்லவ், சியாங், கேன் ஆகிய மூவர் 2000ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் விளக்கினர். எல் நினோ ஆண்டுகளில் கண்ணுக்குப் புலனாகாத மென்முகில் உயர்வானில் மிகுதலின் மீன்கள் மங்குகின்றன. அவ்வாண்டுகளில் மழையும் பெரும்பாலும் குறைகின்றது.

இதனின்று பெறத்தக்கன மூன்று. முதலாவது, குறி காண்டற்கும் வினை தொடங்கற்கும் இடையே ஏறத்தாழ நான்கு திங்கள் உண்டு. ஆராய்ந்து முடிவு செய்ய அவ்விடைவெளி இடந்தருகின்றது. இரண்டாவது, குறி எல்லார் கண்ணுக்கும் பொது. ஆதலின் முடிவினை யாவரும் வினவலாம். மூன்றாவது, மாறுவது நடும் காலமே, உழவு கைவிடப்படுவதில்லை. அன்றியும், ஒருவர்க்கு ஒருவர் முறைவைத்து உழைக்கும் 'ஐனி' என்னும் மாற்றுழைப்பு அவ்வூர்களில் உண்டு. ஒருவர் நாளை மாற்றின் பிறர் நாளும் மாறும். ஆகவே மாற்றம் கலந்தே கொள்ளற்பாலது.

நிறுவனம் நடத்துவோரும் இல்லறத்தாரும் மேற்கொள்ளத்தக்கது இம்முறையே. கொல்காவின் குறி அம்மலைக்கும் அம்மழைக்கும் உரியது; அதனைப் பிறவிடத்துப் பெயர்ப்பின் உருவகமே எஞ்சும். அவையில் வினா எழுப்புவோர் அருகுதல் ஒரு நிறுவனத்திற்கு மங்கிய மீனாகலாம். உறவினரிடையே பேச்சுக் குறைதலும் அத்தகையதே. தத்தமக்குரிய குறி யாதெனப் பல்லாண்டு நோக்கித் தெளிதலே அவ்வுழவர் காட்டும் நெறியைப் பின்பற்றுதலாகும்.