பிரசவமான 2-வது நாளில் பரீட்சை. மலைவாசிப் பெண் நீதிபதி ஆனார்!

பள்ளிக்கூடத்தை எதை வைத்து எடை போடுவது?

திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள புலியூரைச் சேர்ந்தவர் ஸ்ரீபதி. மலையாளி பழங்குடி வகுப்பு. 2023 நவம்பரில் சென்னையில் சிவில் நீதிபதி பரீட்சை. அதற்கு 2 நாள் முன்புதான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. பச்சை உடம்போடு காரில் 200 கிலோ மீட்டருக்கு மேல் போய் எழுதினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. 23 வயதில் நீதிபதி!

கேட்டவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ஸ்ரீபதி பள்ளிப் படிப்பை முடித்தது ஏலகிரி மலையில். பிறகு சட்டம் படித்தார். மலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாய்க்கிறதா?

பாதிப் பேர்தான்

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100-க்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பழங்குடிகளில் 54 பேர்தான்!

படிப்பை நிறுத்திய பையனைத் தேடி யார் வருகிறார்கள்? மரம் வெட்ட ஆள் பிடிக்கும் புரோக்கர்தான்! 2015 ஏப்ரல் 7-ந்தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் போலீசார் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் பலியானார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் அடக்கம்.

சதவீத மாயம்

பரீட்சை முடிவு வந்ததும் "எங்கள் பள்ளி 100 சதவீதம்" என்று தட்டி வைக்கிறார்கள். பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதான் அந்தக் கணக்கு. 6-ம் வகுப்பில் 40 பேர் சேர்ந்து, நடுவில் 20 பேர் நின்று, மீதி 20 பேரும் பாஸ் ஆனால் அதுவும் 100 சதவீதம்தான்! நின்றுபோன 20 பேர் எங்கே? தட்டியில் இருக்காது.

அமெரிக்காவிலும் இதே தகராறுதான். அரசு பணம், தனி நிர்வாகம். அதற்கு "சார்ட்டர்" பள்ளி என்று பெயர். 1991-ல் மின்னசோட்டா மாநிலத்தில் முதல் சட்டம் வந்தது. "மார்க் பிரமாதம்" என்கிறார்கள் ஒரு சாரார். "விலகிய பிள்ளைகளையும் கணக்கில் சேருங்கள்" என்கிறார்கள் மறுசாரார்.

தங்கிப் படிக்கலாம்

நம் நாட்டில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஏகலைவா பள்ளிகள் இருக்கின்றன. 1997-98-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். இங்கும் பணம் அரசுடையது; நடத்துவது தனிச் சங்கம். 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை தங்கிப் படிக்கலாம். மாநில அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு.

மலையில் இதுதான் முக்கியம். மழையில் மைல் கணக்கில் நடக்க வேண்டாம். அப்பா, அம்மா வெளியூர் கூலிக்குப் போனாலும் பிள்ளையின் படிப்பு நிற்காது.

ஆகவே பெற்றோர்களே, சதவீதத்தை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். "6-ம் வகுப்பில் சேர்ந்தது எத்தனை பேர்? 12-ம் வகுப்பைத் தாண்டியது எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பள்ளியின் லட்சணம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்!